எதிர் நாற்காலி

பட்டம் வாங்கிய திமிர் எனக்கு அப்போது நிறையவே இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். ஆரப்பாளையத்தில் ஒரு மாடியறையில் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆட்டிசம் என்ற பேரே ஊரில் பல டாக்டர்களுக்குப் புதிது. எனக்கு மட்டும் எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

எழுமலையிலிருந்து ஓர் அம்மா தன் எட்டு வயது மகளை வாராவாரம் முதல் பஸ்ஸில் கூட்டிவருவார். பிள்ளை ஒரு வார்த்தை பேசாது. அந்த வீட்டில் கணவரின் அண்ணன் வைத்ததுதான் சட்டம். ஆடி பிறப்பதற்குள் பேச்சு வராவிட்டால் பிள்ளையை எங்கோ தூரத்து விடுதியில் விட்டுவிடுவது என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

நான் புத்தகத்தில் இருந்தபடியே செய்தேன். அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, பிள்ளையை எதிர் நாற்காலியில் இருத்தி, என் கண்ணைப் பார்க்கச் சொன்னேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு கத்தித் தீர்த்தாள். ஐந்து வாரம் இதே கூத்து. ஆறாவது வாரம் பொறுமை போய், தாய்ப்பாசம் குறைந்தால் பிள்ளைகள் இப்படி ஆகும் என்று எங்கோ படித்ததை அந்த அம்மாவிடமே சொல்லித் தொலைத்தேன்.

அவர் அழவில்லை. “தூக்குனா அழுகுறா, டாக்டரம்மா. நான் தூக்காம இருக்கேன்னு நெனச்சீகளா? வீட்டுல எம்புட்டு நேரமானாலும் என் பக்கத்துல உக்காந்திருப்பா. நீங்க மூஞ்சிக்கு நேரா உக்காந்தா எப்படி இருப்பா?” என்றார்.

நான் டாக்டரே இல்லை. சுருக்கென்றது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவர்மேல் அல்ல, என்மேல்தான்.

அடுத்த வாரம் நாற்காலிகளைத் தூக்கி வராந்தாவில் போட்டேன். காத்திருக்கும் நேரத்தில் உடைப்பதற்காக அந்த அம்மா பையில் விதைக்கடலை கொண்டுவருவது வழக்கம். அதைத் தரையில் கொட்டச் சொன்னேன். மூவரும் சுவரில் சாய்ந்து வரிசையாக உட்கார்ந்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிள்ளை கத்தவில்லை!

கடலையை உடைத்து, நல்ல பருப்பை “வேணும்” என்று கிண்ணத்தில் போடுவோம், சொத்தையை “வேணாம்” என்று தள்ளுவோம். தலையைத் தடவலாமா என்று அவளிடம் கேட்போம். அவள் கையைத் தட்டிவிட்டால், அவளுக்காக நாங்களே “வேணாம்” என்று சொல்லி விலகிக்கொள்வோம். வாரக்கணக்கில் இதுதான் வைத்தியம். சொத்தைகளை அவளே தள்ளத் தொடங்கினாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

ஆனி கடைசியில் பெரியப்பாவே நேரில் வந்துவிட்டார். விடுதியில் இடம் சொல்லியாயிற்றாம். அந்த அம்மா இருந்த இடத்தைவிட்டு எழவே இல்லை. பெரியப்பா குனிந்து பிள்ளையின் கையைப் பிடித்து, “வாத்தா, போவோம்” என்றார்.

அவள் கையை உருவிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடி, தெளிவாக, “வேணாம்” என்றாள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். அம்புட்டுச் சந்தோஷம் அதற்குப் பிறகும் எனக்கு வாய்த்ததில்லை.

பெரியப்பா அவள் பக்கத்தில், அவளைத் தொடாமல், தரையில் உட்கார்ந்தார்.

“சரி ஆத்தா. வேணாம்னா வேணாம்.”