ஓடுதளத்தில் நின்ற விமானமும் என் மகள் குடித்த பாலும்

அண்ணாமலையாரையும் உண்ணாமுலை அம்மனையும் நம்பியிருக்கும் என் சொந்தங்களே, நான் மகேஸ்வரி. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் இதை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. படிக்கும் உங்களுக்கும் சிலிர்க்கும், பாருங்கள்!

போன ஐப்பசியில் ஒரு நாள், கதவு மூடிய விமானத்துக்குள் பசியில் துடிக்கும் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே இடியும் மழையும். இறங்க வழியில்லை. கொடுக்க ஒரு வாய் பால் இல்லை. அப்படி ஒரு மத்தியானம் எதிரிக்கும் வரக்கூடாது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. என் வீட்டுக்காரர் ஏழுமலை, கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றும் வேன் ஓட்டுகிறார். போகாத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியில் அவர்தான் ஒரு நாள், "தத்து எடுத்துக்கலாமா மகேசு?" என்று கேட்டார். பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். வடக்கே ஒரு ஊரிலிருந்து போன் வந்தது. நான்கு மாதப் பெண் குழந்தை!

ரயிலில் போனோம். அங்கே குழந்தைகள் இல்லத்தில் அவளை என் கையில் கொடுத்ததும், என் தாலியைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். அவ்வளவுதான். நான் அவளுக்கு அடிமையாகிவிட்டேன். பச்சைப் பிள்ளை ரெண்டு நாள் ரயிலில் வாடக்கூடாது என்று, திரும்பும்போது விமானத்தில் வர ஏற்பாடு செய்தார் என் வீட்டுக்காரர். எங்கள் ரெண்டு பேருக்குமே அதுதான் முதல் விமானம்.

ஆனால் மனசுக்குள் ஒரு பயம் இருந்தது. சொந்தப் பிள்ளை இல்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று. அதனால் விமானத்தில் யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

இல்லத்து ஆயா ரெண்டு வேளைக்கு வேண்டிய பால் பவுடரும், பிளாஸ்கில் வெந்நீரும் கைப்பையில் வைத்துக் கொடுத்திருந்தார். சென்னை போய்ச் சேர அது தாராளம். பவுடர் டின் பெரிய பெட்டியோடு விமானத்தின் அடியில் போய்விட்டது. விமானம் கிளம்பவே தாமதமானதில் முதல் வேளைப் பால் தீர்ந்தது. சென்னையை நெருங்கும்போது ரெண்டாவது வேளையைக் கொடுத்தேன். குடித்து முடிப்பதற்குள் விமானம் தூக்கித் தூக்கிப் போட்டது. குழந்தை அத்தனையும் கக்கிவிட்டாள்.

மேகத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தோம். சென்னையில் பேய் மழை, இறங்க முடியாது, வேறு ஊரில் இறங்கப் போகிறோம் என்று பைலட் சொன்னார். நான் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "அருணாசலா, அருணாசலா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆந்திராவில் ஒரு சின்ன விமான நிலையத்தில் தடாலென்று இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கஷ்டம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஆரம்பித்தது!

எங்களைப் போல வழி மாறி வந்த விமானங்கள் அங்கே வரிசையாக நின்றன. மேலே மின்னல் வெட்டிக்கொண்டே இருந்தது. மின்னல் ஓயும்வரை ஆட்கள் யாரும் விமானத்துக்குப் பக்கத்தில் வரக்கூடாதாம். அதனால் படிக்கட்டும் வராது, பெட்டியும் எடுக்க முடியாது. விமானப் பணிப்பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரம்தான் அக்கா" என்றார். பாவம், அவரும் தேடாத இடமில்லை. டீயில் கலக்கும் பால் பவுடர்தான் இருந்தது. அதைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. ஸ்பூனில் வெந்நீர் புகட்டினேன். துப்பிவிட்டு அலறினாள்.

கொஞ்ச நேரம் என்றது நீண்டுகொண்டே போனது. உள்ளே புழுக்கம். ஒருத்தர் எழுந்து சத்தம் போட்டார், இன்னொருத்தர் அவரோடு சண்டைக்குப் போனார். எல்லாச் சத்தத்துக்கும் மேலே என் மகளின் அழுகை. பக்கத்து இருக்கை அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, எவ்ளோ நேரம் அலற உடுவ? முந்தானைய போத்திக்கினு பால் குடேன். இங்க யாரு பாக்கப் போறா?"

நான் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர்தான், "அவளுக்கு ஒடம்பு சரியில்லம்மா" என்று சமாளித்தார்.

"ஒடம்பு சரியில்லன்னா புள்ளய பட்டினியா போடுவாங்க? பெத்தவ மனசு கேக்குமா?"

பெத்தவ மனசு. அந்த வார்த்தை ஊசி மாதிரி இறங்கியது. நான் பெத்தவ இல்லையே! பெற்றிருந்தால் இந்நேரம் இவள் பசி ஆறியிருக்குமே!

கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுவதை நிறுத்திவிட்டாள். உதடு காய்ந்து, கை தொங்கி, கண் சொருகியது. அழுதபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை. என் வீட்டுக்காரர் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கையால் அவள் காலைத் தேய்த்துக்கொண்டே, "கண்ணத் தொறடா தங்கம், கண்ணத் தொற" என்றார்.

கண்ணை மூடினேன். என் அம்மனை நினைத்தேன். மந்திரம் எதுவும் வரவில்லை. சண்டைதான் வந்தது.

"தாயே, ஒம் பேரே உண்ணாமுலை. எந்தப் புள்ளயும் குடிக்காத மார்பு ஒனக்கு. எனக்கும் அதேதான். ஆனா ஊரு ஒலகமே ஒன்ன அம்மான்னுதானே கூப்புடுது? பெக்காமயே நீ அம்மா ஆவலாம், நான் ஆவக் கூடாதா? என் வலி வேற யாருக்குப் புரியும்? வழி காட்டு தாயே. இவ வாய் காயுது!"

அன்பர்களே, அசரீரி எதுவும் கேட்கவில்லை. ஆனால் என் கால் தானாக எழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழவில்லை, யாரோ எழுப்பினார்கள். கடையில் பத்துப் பேர் சேர்ந்து நின்றால்கூடக் குரல் வெளியே வராதவள் நான். அன்றைக்கு விமானத்தின் நடுவில் நின்று கத்தினேன்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! இவ எம் பொண்ணு. என் வயித்துல பொறக்கல. நேத்துதான் என் கைக்கு வந்தா. எனக்குப் பால் இல்ல. பால் குடுக்கற தாய் யாராவது இருந்தா, ஒங்க கால்ல உழறேன், எம் புள்ளைக்கு ஒரு வாய் குடுங்க!"

சண்டை போட்டவர்கள் நின்றுவிட்டார்கள். யாரோ ஒருவர் நான் சொன்னதை இந்தியில் திருப்பிச் சொன்னார்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர். மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அக்கா, இங்க குடுங்க! எங்கிட்ட குடுங்க!"

அவள் பெயர் ஷாஹிதா. ஆற்காட்டுக்காரி. ஆபீஸ் பயிற்சிக்காக முதல் தடவையாகக் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். என் மகளை வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"பால் கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லாட்டம் ஆயிடுச்சுக்கா. வலி ஜாஸ்தியாயி ஜொரமே வந்துடுச்சு. எப்ப வீட்டுக்குப் போவேன்னு பின்னாடி ஒக்காந்து அல்லாகிட்ட அழுதுக்கினு இருந்தேன். நீங்க கூப்புட்டீங்க!"

கேட்டீர்களா! விமானத்தின் முன்பக்கம் பாலில்லாமல் ஒருத்தி அழுகிறாள். பின்பக்கம் பால் தாங்காமல் ஒருத்தி அழுகிறாள். நடுவில் சில வரிசை இருக்கைகள்தான். வாய் திறக்காமல் இருந்திருந்தால் ரெண்டு பேரும் அழுதுகொண்டே இருந்திருப்போம்.

பணிப்பெண்கள் போர்வையைப் பிடித்து மறைத்தார்கள். முதலில் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புட்டிப்பால் மட்டுமே தெரிந்த பிள்ளை. எனக்கு உயிரே போனது. ஷாஹிதா பதறவில்லை. ஒரு சொட்டு உதட்டில் வைத்தாள். நாக்கு அசைந்தது. இன்னொரு சொட்டு. சட்டென்று கவ்விப் பிடித்தாள் பாருங்கள்! மடக் மடக் என்று அவள் விழுங்கிய சத்தம் எனக்குக் கோயில் மணி மாதிரி கேட்டது. "குடிக்கிறா! குடிக்கிறா!" என்று நான் போர்வைக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினேன். விமானம் முழுக்கக் கை தட்டல்! தரையிறங்கியபோது தட்டியதைவிடப் பலமாக. என் வீட்டுக்காரர் நடைபாதையிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

பக்கத்து இருக்கை அம்மா என் கன்னத்தைத் தொட்டு, "தெரியாம பேசிட்டேன்டி கண்ணு. நீதான்டி பெத்தவ" என்றார்.

வயிறு நிறைந்து குழந்தை ஏப்பம் விட்டுத் தூங்கிப்போனாள். ஷாஹிதாவின் வலியும் இறங்கியிருந்தது. அவள் காலைத் தொடப் போனேன். தடுத்துவிட்டாள்.

"எங்கள்ல பால் குடுத்தா அது ஒறவுக்கா. இவளும் எம் பொண்ணு மாதிரிதான். எம் பையனுக்கு இனிமே இவ தங்கச்சி. தெரியுமா?"

காலையில் உறவு என்று சொல்ல எங்கள் ரெண்டு பேரைத் தவிர யாருமில்லாத பிள்ளைக்கு, சாயங்காலத்துக்குள் ஒரு பால்தாயும் ஒரு அண்ணனும்! நான் கேட்டது ஒரு வாய் பால். அம்மன் கொடுத்ததைப் பார்த்தீர்களா?

மின்னல் ஓய்ந்தது. வெளிச்சம் இருக்கும்போதே விமானம் கிளம்பி, சென்னையில் நல்லபடியாக இறங்கியது. வாசலில் ஷாஹிதாவின் வீட்டுக்காரர் பையனோடு காத்திருந்தார். அவள் ஓடிப்போய் மகனை அள்ளிக்கொண்டு, எங்களைக் காட்டி அவனிடம் ஏதோ சொன்னாள்.

ஊருக்கு வந்ததும் நேராகக் கோயிலுக்குப் போய் அம்மன் சந்நிதியில் குழந்தையைக் கிடத்தினோம். அம்மன் பெயரையே, எங்கள் ஊர் வழக்கில் சொல்கிறபடி உண்ணாமலை என்று வைத்தோம். ரம்ஜானுக்கு ஆற்காட்டிலிருந்து அவளுக்குப் புதுத்துணி வந்தது. கார்த்திகை தீபத்துக்கு அவர்களெல்லாம் எங்கள் வீட்டில்தான்.

இப்போது நான் எதையும் மறைப்பதில்லை. "இது யாரு புள்ள?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், "தத்தெடுத்த புள்ளங்க, எம் பொண்ணு" என்று தெருவுக்கே கேட்கச் சொல்கிறேன். பௌர்ணமி கிரிவலத்துக்கு வரும் பெண்கள் சிலர் அதைக் கேட்டு நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கே பதிவு செய்வது என்று விசாரிக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்து எல்லாம் சொல்கிறேன்.

உங்களுக்கும் சொல்கிறேன். என்ன கஷ்டமாக இருந்தாலும் அம்மனிடம் கேளுங்கள். உரிமையோடு, சண்டை போட்டே கேளுங்கள். கேட்டுவிட்டுக் கண்ணை மூடியே உட்கார்ந்திருக்காதீர்கள். எழுந்து நின்று பக்கத்தில் இருக்கும் மனுஷர்களிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். அவள் உங்களுக்கென்று அனுப்பிய ஆள், நீங்கள் எப்போது கூப்பிடுவீர்கள் என்று நாலு வரிசை தள்ளி அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கலாம்.