எடுக்கக் கூடாத போன்

என் மனைவி அனிட்டா திட்டம் போடாமல் தும்மக்கூட மாட்டாள். கும்பகோணத்தில் எங்கள் கல்யாணத்துக்கே மணப்பெண்தான் செயல்திட்டம் எழுதினாள். பந்திக்கு யார், பூவுக்கு யார், போதகரை அழைத்துவர யார் என்று கட்டம் கட்டி எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருந்தாள்: 'அவர் வராவிட்டால் யார்?' மாப்பிள்ளை கிளாட்சன் என்ற என் பெயருக்கு எதிரே அது காலியாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தக் கட்டம் அவள் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. தொண்டு நிறுவன வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் கால்நடை முகாம் ஏற்பாடு செய்தாள். பந்தல் வந்தது, மருந்து வந்தது, ஊரே மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தது, டாக்டர் மட்டும் வரவில்லை. அன்று வாங்கிய ஏச்சுக்குப் பிறகு, ஒரு பெயரை எழுதினால் பக்கத்திலேயே இன்னொரு பெயரையும் எழுதிவிடுவாள். பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் இலக்கு, விளைவு என்று கலர் கலராகத் திரையில் காட்டினால் பொறுமையாகக் கேட்பாள். முடிவில், "எல்லாம் சரி தம்பி, செவ்வாய்க்கிழமை காலையில கதவைத் திறக்கறது யாரு?" என்பாள்.

அவள் கடைசியாகப் பார்த்த வேலை திருப்பனந்தாள் பக்கத்துச் சிறு விவசாயிகள் குழு. குழுவுக்கென்று ஓர் அறுவடை மிஷின் வாங்கிக் கொடுத்து, அதை அவர்களே நடத்தும்படி செய்ய வேண்டும். தலைவி செவ்வந்தி. அவளுடைய பெற்றோர் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். அவள் தன் வயலில் நடுகிறாள். முதல் இரண்டு வருடமும் டீசல் தீர்ந்தால் அனிட்டாவுக்குப் போன், டிரைவர் கோபித்துக்கொண்டு போனால் அனிட்டாவுக்குப் போன். சோறு பிசைந்த கையோடு அனிட்டா பேசுவாள். பேசி முடிக்கும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அதைக் கேலி செய்யாமல் நான் விட்டதே இல்லை.

திட்டம் இந்த மார்ச்சோடு முடிகிறது. அனிட்டாவின் வேலையும் அதோடு முடிகிறது. அதற்கான விலகல் திட்டத்தையும் அவளே எழுதினாள். கடைசி அறுவடையின்போது அவள் ஊருக்குப் போகக் கூடாது, போனை எடுக்கக் கூடாது, எந்த முடிவானாலும் குழுதான் எடுக்க வேண்டும் என்று எழுதி, குழுவிடம் வாசித்தும் காட்டினாள். தான் போன பிறகும் குழு நிற்குமா என்று பார்க்க வேறு வழியில்லை என்பாள். எழுதும்போது தெம்பாகத்தான் இருந்தாள். தை பிறந்ததும் ஆட்டம் கண்டுவிட்டாள்.

காரணம் இருந்தது. அங்கே சாலையோர வயல்களை முதலில் நட்டு முதலில் அறுப்பார்கள். உள்ளே இருக்கும் வயல்களுக்குப் பாதை கிடையாது. முன்னால் அறுத்த வயல் வழியாகத்தான் மிஷின் போக வேண்டும். இந்த வருடம் சாலையோரத்து மிக்கேல்ராஜின் நாற்று ஐப்பசி மழையில் அழுகி, அவர் மறுபடி நட்டார். அதனால் அவர் பயிர் இன்னும் பச்சை. அதற்குப் பின்னால் வீரையனின் கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. மழை பெய்தால் அத்தனையும் தண்ணீரில் படுத்து முளைத்துவிடும். ஞாயிறு மாலையிலிருந்து மழை என்று சனிக்கிழமை டி.வி.யில் சொன்னார்கள்.

அனிட்டா போனை என் கையில் கொடுத்தாள். "நீங்க வெச்சுக்குங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

"அழுதா?"

"அழுதாலும்தான்."

மறுநாள் காலை ஆராதனையில், பிரசங்கத்தின் நடுவே என் சட்டைப்பை அதிர்ந்தது. செவ்வந்தி. அனிட்டா வேதாகமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் ஒரு பக்கமும் புரளவில்லை. மறுபடி அதிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவை அதிர்ந்தபோது அவள் எழுந்தே விட்டாள். போதகர் பேச்சை நிறுத்தி எங்களைப் பார்க்க, நானும் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நடந்தேன்.

"போனை எடுத்தாத்தானே தப்பு, நான் எடுக்கலையே" என்றாள் ஸ்கூட்டரில் ஏறியபடி. ஊருக்கும் போகக் கூடாது என்று எழுதியிருந்ததை நான் நினைவுபடுத்தவில்லை. அந்த நேரத்தில் எந்தப் புருஷனும் நினைவுபடுத்த மாட்டான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மிஷின் வீரையனின் வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி அறுத்தாகிவிட்டது. மிக்கேல்ராஜின் பச்சை வயலில், வரப்பை ஒட்டி, மிஷின் அகலத்துக்கு ஒரு பாதை வெட்டியிருந்தார்கள். வெட்டிய பச்சையைப் பெண்கள் மாட்டுக்கென்று கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அனிட்டா செருப்போடு வரப்பில் இறங்கினாள். "யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க?"

அவள் கோபம் எனக்கே புதிதாக இருந்தது. கட்டுக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். செவ்வந்தி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"எங்களைத்தான் மேடம் கேட்டுக்கிட்டோம். நேத்து சாயங்காலமே உட்கார்ந்து பேசிட்டோம். பாதை வெட்டறதுல மிக்கேல் அண்ணனுக்கு நட்டமாகற நெல்லை எல்லாரும் அவங்கவங்க களத்துலேருந்து கொடுத்துடறது."

மிக்கேல்ராஜ் வரப்பில் நின்றிருந்தார். முகம் தெளிவாக இல்லை. "பச்சையை வெட்டறப்ப நான் திரும்பி நின்னுக்கிட்டேன் மேடம். ஆனா வீரையன் வயலு முளைச்சா அத எந்த மூஞ்சிய வெச்சுப் பாக்கறது?" என்றார்.

"அப்ப எனக்கு எதுக்குப் போன் பண்ணீங்க? மூணு தடவை?"

செவ்வந்தி சிரித்துவிட்டாள். "மழைன்னு நியூஸ்ல சொன்னாங்கள்ல. நீங்க அங்க கெடந்து பதறுவீங்களேன்னுதான். 'வேலை ஆயிட்டிருக்கு, நீங்க நிம்மதியா கோயிலுக்குப் போங்க'ன்னு சொல்லலாம்னு கூப்பிட்டேன். நீங்கதான் எடுக்கல."

அனிட்டா செவ்வந்தியின் தோளைத் தட்டிக் கொடுத்து, "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றாள். சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள், நாங்கள் நிற்கவில்லை. எங்களை வழியனுப்ப நிற்கவும் அங்கே யாருக்கும் நேரமில்லை. மிஷின் கடைசிச் சுற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். அவள் அழுதாள். கடைக்காரர் பார்க்கிறாரே என்றுகூடக் கவலைப்படவில்லை.

"சந்தோஷமாத்தாங்க இருக்கு. இதுக்குத்தானே இத்தனை வருஷம் பாடுபட்டேன். ஆனா என்னமோ மாதிரி இருக்கு."

அவளுடைய போன் கால்களை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! அவை நின்றுபோனால் இவள் என்ன ஆவாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

சட்டைப்பை அதிர்ந்தது. செவ்வந்தி என்று வந்தது. நான் எடுத்து நீட்டினேன். அனிட்டா கை நீட்டவில்லை.

"அறுத்து முடிச்சாச்சுன்னு சொல்லுவாங்க. நீங்களே கேட்டுக்குங்க."

கேட்டேன். அதேதான். நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்களாம்.

அனிட்டா டீயை உறிஞ்சியபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எங்கள் கல்யாணத்திலிருந்து இன்றுவரை என்னிடம் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள்.

"ஏப்ரல்லேருந்து எனக்கு என்னங்க திட்டம்?"