ஹாரன் சத்தத்துக்கு வைத்த உலை

மகன் போனில் விஷயத்தைச் சொன்னதும், "எனுக்கு இன்னா பைத்தியமா புட்ச்சிகீது?" என்று கேட்டேன்.

"அப்படியில்லம்மா. ஒரு கவுன்சிலிங் மேடம், சும்மா பேசப்போறாங்க. வீடியோ கால்தான், எங்கயும் போக வேணாம்," என்றான். கொஞ்சம் தயங்கி, "அவங்க முன்னாடி இன்னா கின்னான்னு பேசாத. நல்லா பேசு," என்று சேர்த்துக்கொண்டான். இந்த ஊர் அங்கன்வாடியில் இத்தனை வருடமாகக் குழந்தைகளுக்கு அம்மா, ஆடு சொல்லிக்கொடுப்பவள் நான். எனக்கே அவன் பேசக் கற்றுக்கொடுக்கிறான்.

அவன் பயந்துபோனது நான் வைத்த உலையைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான்.

எங்கள் வீடு சதுரங்கப்பட்டினத்தில், பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டை ஒட்டி இருக்கிறது. என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வரும் வண்டி. சாயங்காலம் எங்கள் வாசலைத் தாண்டும்போது ஹாரனில் ரெண்டு குட்டை, ஒரு நீட்டு அடிப்பார். அது எனக்கு. கொதிக்கிற உலையில் அரிசியைப் போடு என்று அர்த்தம். ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, டீ குடித்து, கண்டக்டரோடு நாட்டு நடப்பைப் பேசித் தீர்த்து அவர் நடந்து வருவதற்குள் நான் சோறு வடித்திருப்பேன். ஆறின சோறு தட்டில் விழுந்தால் மனுஷனுக்கு முகம் சுருங்கிவிடும். "ஊர் ஜனத்தையெல்லாம் வூட்ல சேக்குறேன், எனுக்கு சுடுசோறு கெடயாதா?" என்பார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், லீவு நாளில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பஸ் நிற்கவில்லை. வேறு யாரோ ஓட்டுகிறார்கள். எங்கள் வீட்டருகே வளைவு இருப்பதால் அவர்களும் ஹாரன் அடிக்கிறார்கள். சத்தம் கேட்டதும் நான் எழுந்துபோய் அரிசியைப் போட்டுவிடுவேன். அவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். கல்லறையில் மண் போட்ட கை இதுதான். ஆனால் அந்தக் கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மிஞ்சின சோற்றைத் தெரு நாய்கள் தின்று கொழுத்தன. பக்கத்து வீட்டுக்காரி பொறுக்கமாட்டாமல் மகனுக்குப் போன் போட்டு, "உங்கம்மாவுக்கு ஒரு மாரி ஆயிட்சிப்பா" என்று சொல்லிவிட்டாள்.

மகன் கேளம்பாக்கத்தில் ஐடி வேலை பார்க்கிறான். அப்பா போனதிலிருந்து 'அப்பா' என்ற சொல்லே அவன் வாயில் வந்ததில்லை. "உங்கப்பா இருந்தா..." என்று நான் ஆரம்பித்தால் போதும், "மாத்திரை போட்டியா? சாப்டியா?" என்பான். ஒரு முறை அவன் ஃபிளாட்டில் தங்கப் போனேன். இரண்டாவது மாடி, கீழேயே பஸ் ஸ்டாப். ஹால் ஜன்னலை இறுகச் சாத்தி, கம்பளி மாதிரி ஒரு திரை போட்டு, மார்கழியிலும் ஏசி ஓடவிட்டிருந்தான். ஏன்டா என்றால், "தூசும்மா" என்றான். அப்பன் ஆயுசு முழுக்க இன்ஜின் சூட்டில் வெந்தான், பிள்ளை துரையாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். மூச்சு முட்டி, மறுநாளே பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே வருத்தம். இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டானே என்று.

கவுன்சிலிங் நாளன்று பட்டுப்புடவை கட்டி, தலை வாரி, போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். அந்த மேடத்துக்கு என்னைவிடச் சின்ன வயதுதான். "வணக்கம்மா. நாம எப்படிப் பேசலாம்னு முதல்ல நீங்க சொல்லுங்க," என்றார்.

"நீங்கதான மேடம் டாக்டரு. நீங்க சொல்லுங்க."

"நான் டாக்டர் இல்லம்மா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் யோசிக்கப்போறோம்."

ஓட்டலுக்குச் சாப்பிடப் போனவளை, வாங்க சேர்ந்து சமைக்கலாம் என்று உள்ளே கூப்பிட்ட மாதிரி இருந்தது. முகம் தெரியவேண்டுமா, குரல் மட்டும் போதுமா என்று கேட்டார். நான் சொல்வது எதுவும் மகன் காதுக்குப் போகாது என்றார். சாமி, ஜெபம் எல்லாம் பேச்சில் வரலாமா என்றும் கேட்டார். "சபையில அழாத அழாதன்னு சொல்லிச் சொல்லி பாஸ்டருக்கே தொண்ட கட்டிட்சி. இங்க வேணாம்," என்றேன். வாயைப் பொத்திக்கொண்டேன். நல்ல தமிழ் போன இடம் தெரியவில்லை.

அவர் சிரித்தார். "வேணும்னு தோணும்போது சேத்துக்கலாம். நீங்க எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க. எனக்குப் புரியலைன்னா நான் கேட்டுக்கறேன்."

அப்போது வெளியே பஸ் ஹாரன் கேட்டது. நான் எழுந்து உள்ளே போய், அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அவர் அப்படியே காத்திருக்கிறார். செத்தோம், கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

"அடுப்பைப் பாத்துக்கணும்னா போனை அங்கயே எடுத்துட்டுப் போலாமே?" என்றார். சமையல் மேடைக்குப் போனோம். கஞ்சி பொங்கி வருவதை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சோத்துக்கு என்ன குழம்பு இருந்தா உங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்கும்?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் போனபிறகு அவரைப் பற்றி ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஒதுங்கிப் போனார்கள், ஆறுதல் சொன்னார்கள், ஆனால் கேட்கவில்லை. கருவாட்டுக் குழம்பு, மாங்காய் போட்டது என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பட்டுப்புடவைத் தலைப்பாலேயே முகத்தைத் துடைத்தேன்.

அடுத்த முறை அவர் நேராகவே சொன்னார். "நீங்க உலை வைக்கறதை நிறுத்தணும்கறது உங்க பையன் விருப்பம். உங்களுக்கு என்ன வேணும்?"

எனக்கு என்ன வேண்டும்? மனுஷன் திரும்பி வரவேண்டும். அது நடக்காது. வேறு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். "எம்புள்ள அவுங்கப்பனப் பத்தி ஒரு வார்த்த பேசணும்," என்றேன். "நீங்க கூப்ட்டு சொல்லுங்க மேடம், நீங்க சொன்னா கேப்பான்."

"நான் சொன்னா வருவாரு. பேச மாட்டாரு. அவர்கிட்ட எப்படிக் கேக்கலாம்? நீங்களே சொல்லுங்க, சேர்ந்து யோசிப்போம்."

இந்த அம்மா எதையும் தானாகச் செய்யாது போலிருக்கிறது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் யோசித்தோம். நான் ஒன்று சொல்வேன், "இது அவருக்கு எப்படிக் கேக்கும்?" என்பார். மாற்றுவேன். கடைசியில் வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். "உங்கப்பனப் பத்தி பேசிகினு கீறோம்டா. நீயும் வா. பேசாட்டி போவுது, சும்மா உக்காந்துகினு இரு."

வந்தான். போன் திரையில் மூன்று கட்டம். அவனுக்குப் பின்னால் அந்தக் கம்பளித் திரை. எப்படி இருந்தால் வசதி என்று மேடம் அவனைக் கேட்டார். "நான் கேக்கறேன். நீங்க பேசுங்க," என்று மைக்கை அணைத்துவிட்டான். நான் ஹாரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ரெண்டு குட்டை, ஒரு நீட்டு என்று சொல்லும்போதே வாசலில் பஸ் வந்துவிட்டது. சரியான நீட்டு ஹாரன். என் போன் வழியாக அது அவன் காதுக்கும் போயிருக்கவேண்டும். ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

வெறும் நாற்காலி. "பாத்தீங்களா மேடம்? பெத்த அப்பன் பேச்சு அவனுக்குக் கசக்குது."

"கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமா?" என்றார்.

பார்த்தோம். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். மைக்கைப் போட்டான்.

"நான் ஏன் ஜன்னலத் தொறக்கறதில்ல தெரியுமாம்மா? தூசு இல்ல. கீழ பஸ் ஸ்டாப்பு. ஆரன் அடிச்சா எட்டிப் பாக்குறேன். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் டிரைவர் சீட்டதான் பாக்குறேன். வூட்ல உக்காந்து வேல பாக்கும்போதே எழுந்து எழுந்து ஓடுறேன். இன்னா பண்றது சொல்லு? அதான் சாத்திட்டேன்."

இதற்காகத்தானே ஏங்கிக் கிடந்தேன். கிடைத்ததும் "சாப்டியாடா?" என்றுதான் கேட்டேன். அவன் அழுதுகொண்டே சிரித்தான். பிள்ளை மறந்துவிட்டான் என்று அன்றைக்குப் பஸ்ஸில் அழுதது ஞாபகம் வந்தது. அவனும் என்னை மாதிரியேதான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். நான் உலை வைத்தேன், அவன் ஜன்னலைச் சாத்தினான்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. அதை எப்படி வச்சுக்கலாம்?" என்று மேடம் கேட்டார்.

அவன் எழுந்தான். திரையைத் தள்ளினான். ஜன்னல் துருப்பிடித்திருந்ததோ என்னவோ, ரெண்டு கையாலும் இழுத்துத்தான் திறந்தான். கீழே ஓடும் ஓஎம்ஆர் ரோடு மொத்தமும் என் சமையலறைக்குள் வந்துவிட்டது. ஷேர் ஆட்டோ, லாரி, ஆளைக் கூப்பிடும் குரல், பஸ், இன்னொரு பஸ். மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு நீட்டு ஹாரன் கேட்டது. அவன் எட்டிப் பார்த்தான். இங்கே நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

அவன் ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்து, என்னைப் பார்த்தான். "அது அப்பா வண்டி இல்லம்மா."

"தெரியும்டா," என்றேன். "இருந்தாலும் பாரு."