மாமனார் துப்பிய கடலை

என் மாமனார் வாயில் போட்டதைத் துப்பி நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். கவரைப்பேட்டை ஸ்டேஷனில் காகிதப் பொட்டலத்திலிருந்து வறுத்த கடலை ஒன்றை மென்றவர், முகத்தைச் சுளித்துத் தூவென்று துப்பினார். பக்கத்தில் நின்ற மாமியார் அழுதுவிட்டார். கடலையைத் துப்பியதற்கு யாராவது அழுவார்களா என்று கேட்பீர்கள். மாமியார் அழுததில் நியாயம் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் முளைக்கத் தொடங்கியிருந்தன. நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் நெல்லும் வேர்க்கடலையும்தான். அங்கே ஒரு வழக்கம்: திரண்ட பருப்பு மண்டிக்கு, நனைந்தது, பூசணம் பிடித்தது, முறத்தில் ஒதுங்கியது எல்லாம் வீட்டுக்கு. அதிலும் ரொம்பக் கசப்பானதை மாமனார் தன் பங்காக எடுத்துக்கொள்வார். மற்றவர்களுக்குக் கசக்கக் கூடாதாம்.

அவருக்கு ஈரலில் புற்றுக்கட்டி வந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. இது திரும்பி வரக்கூடிய நோய், யாருக்கு வரும் யாருக்கு வராது என்று அடித்துச் சொல்ல முடியாது, மிச்சமிருக்கும் ஈரலைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் கையில் என்றார். சாராயம் கூடாது. பூசணம் பிடித்த கடலை கூடவே கூடாது. அது ஈரலுக்கு விஷம்.

சாராயத்தை அன்றைக்கே விட்டார். கடலையைத்தான் விட முடியவில்லை. சொத்தையைக் குப்பையில் கொட்டப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் மாட்டுக்கொட்டகையில் ஒளிந்து மென்றுகொண்டிருந்தவரை மாமியார் பார்த்துவிட்டார்.

“இன்னாய்யா துன்னுகினு கீற?”

“பூமி குட்த்தத எப்டி மே கொட்றது?”

மாமியார் சொத்தைக் கடலை அத்தனையையும் வாரி வந்து, அவர் கண்ணெதிரே நெல் அவிக்கும் அடுப்பில் கொட்டினார். “சாம்பலு நெலத்துக்குத்தான் போவப் போவுது. நீ பூட்டா அந்த நெலத்த யாருய்யா பாக்கறது?” மாமனார் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். இந்தப் பிடிவாதமே மனுஷனைக் கொண்டுபோய்விடுமோ என்று பயந்தேன்.

அடுத்த பரிசோதனைக்கு மூவருமாகப் போனோம். டாக்டர் வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, இப்போதைக்குக் கட்டி எதுவும் இல்லை என்றார். ரயிலில் திரும்பி வந்து கவரைப்பேட்டையில் இறங்கியதும் வாங்கியதுதான் அந்தப் பொட்டலம். கசந்ததைத் துப்பிவிட்டு, பரீட்சை பாஸான பையன் மாதிரி மாமியாரைப் பார்த்தார்.

“துப்பிட்டேன், பாத்தியா?”

அதற்குப் பிறகு பல வருஷம் நன்றாக இருந்தார். பேத்தி கல்யாணத்தில் பந்தி விசாரித்தார். கடைசியில் அவரைக் கூட்டிப்போனது வயசுதான், ஈரல் அல்ல. சொத்தையை விட்டதால்தான் பிழைத்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. டாக்டரே அடித்துச் சொல்லாததை நான் எப்படிச் சொல்ல? ஆனால் அந்த வருஷத்திலிருந்து எங்கள் கடலையில் திரண்ட பருப்பு முதல் முறம் வீட்டுக்கு, அப்புறம்தான் மண்டிக்கு.

நேற்று டிவி பார்த்துக்கொண்டே கொறித்ததில் ஒன்று கசந்தது. துப்பினேன். சுவரில் மாமனார் படம். “துப்பிட்டேன் மாமா” என்றேன். பக்கத்தில் மென்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் அப்பாவின் பிள்ளையாயிற்றே. கசந்ததையும் விழுங்கிவிடுவாரோ என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன்.