சாவே இல்லாத கேம்ப்

சேதுமாதவன் பார்க்கிற கேம்பில் யாருமே சாவதில்லையாம். இந்தப் பேச்சு மஸ்கட்டில் ரூவிப் பகுதி வரைக்கும் போய், அங்கிருந்து வந்த மச்சான் வாயிலாக மளிகைக்கடை நெய்னா முகம்மதுவின் காதுக்கு எட்டியிருந்தது.

"ஒரு மவுத்துகூட விழுந்ததில்லையாமே! தண்ணியில என்னத்தண்ணே கலக்குறீங்க?"

சேதுமாதவன் சிரித்துக்கொண்டார். ராஸ் அல் கைமாவில் கல் உடைக்கும் கம்பெனியின் தொழிலாளர்கள் தங்கும் கேம்புக்கு அவர்தான் பொறுப்பு. தண்ணீர்த் தொட்டி கழுவுவதிலிருந்து மூட்டைப்பூச்சி மருந்துவரை நின்று பார்ப்பவர். பெருமை இருக்கத்தானே செய்யும்?

வீட்டில் மகள் ஹர்ஷினி பள்ளி ப்ராஜெக்டில் மூழ்கியிருந்தாள். விக்டோரியா ராணி காலத்து நகரங்களின் பிறப்பு, இறப்பு விகிதம்.

"அப்பா, உங்க கேம்ப் டெத் ரேட் எவ்ளோ?"

"சைபர். எல்லாம் ஆம்பளைங்க, பிறப்பும் சைபர்."

"நோ வே! ரொம்ப ஸிக் ஆனா?"

"ஊருக்கு அனுப்பிடுவோம்."

"அங்க செத்தா ஊர்க் கணக்கா? இதுலயும் அப்படித்தான்பா. மில்லுல இருமல் வந்தவங்க கிராமத்துக்குப் போய் செத்திருக்காங்க. சிட்டி ரேட் கம்மியா தெரிஞ்சிருக்கு. தட்ஸ் சீட்டிங்!"

ஏமாற்று இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஊருக்கு அனுப்பச் சொல்லி நோயாளிகளேதானே கேட்கிறார்கள்? பிணமாகப் பெட்டியில் அடைபட்டு கார்கோவில் போக எவனுக்குத்தான் மனம் வரும்? ரூம்காரர்கள் துணி மடித்து, தைலம் வைத்து, கண்கலங்கி வேன் ஏற்றுவார்கள். மறுநாள் அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள். போனவன் என்ன ஆனான் என்று இவர் ஒருமுறையும் விசாரித்ததில்லை.

இன்று ஏறியவன் கார்மேகம். பரமக்குடிப் பக்கம். கொஞ்ச நாளாகவே நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

"ஆஸ்பத்திரி வேணாம் சார். நம்ம ஊர்ல போய்ப் பாத்துக்கிறேன்."

இவரும் தலையாட்டி டிக்கெட் போட்டுவிட்டார். அப்போது அது கருணை போலத்தான் இருந்தது. அந்த மூச்சை வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் ஆகாயத்தில் தாங்குவானா? திருப்பிக் கொண்டுவந்து இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஏதாவது ஆகிவிட்டால்? அவன் பெண்டாட்டி சுந்தராம்பாள், "கடைசியா ஒரு தடவை முகத்தப் பாக்க விடலையே" என்று காலத்துக்கும் சபிப்பாள்.

சபித்தால் சபிக்கட்டும்.

சேதுமாதவன் கார் சாவியைத் தேடிக்கொண்டே கார்மேகத்தின் நம்பரை அழுத்தினார். வேன் ஏர்போர்ட்டை நெருங்கியிருக்கும். உள்ளே போய்விட்டால் பிடிக்க முடியாது.

"எடுடா, எடு..."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.