பேராலயத்துக்குப் பார்த்த கம்பி ஆலை

எங்கள் மறைமாவட்டம் புதிதாகப் பிரிக்கப்பட்டது. அதற்கென்று ஒரு பேராலயம் கிடையாது. ஆயர், அதாவது பிஷப், பெரிய திருநாள் பூசைகளைப் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுத்தான் வைப்பார். மழை வந்தால் பாதிப் பேர் நனைந்துகொண்டே நற்கருணை வாங்குவார்கள். அந்தச் சமயத்தில்தான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு கம்பி ஆலை விலைக்கு வந்தது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாத பெரிய ஷெட். புதிதாகக் கட்டுவதற்குப் பதில் அதையே வாங்கிக் கோயிலாக்கிவிடலாமா என்று ஊர் ஊராக, பங்குப் பங்காகக் கருத்துக் கேட்டார்கள். எங்கள் பங்குப் பேரவையில் பன்னிரண்டு பேர். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன், கொஞ்சம் தாமதமாக. அதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஆலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன் நான். கம்பியை இழுப்பதற்கு முன்னால் துரு போவதற்காக ஆசிட் தொட்டியில் முக்குவோம். முக்கி முக்கி ஆசிட்டுக்கு வேகம் போய்விடும். அதை லாரியில் ஏற்றிச் சுத்திகரிக்க அனுப்ப வேண்டும் என்பது சட்டம். எங்கள் சூப்பர்வைசரின் சட்டம் வேறு. மழை பிடித்துக்கொண்டால், "போயி அந்த வால்வ தொறந்து உட்ரா" என்பார். அது பின்சுவர் ஓரம் இருந்த ஒரு பழைய குழிக்குப் போகும். திறந்து விட்டது நான்தான். ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. அது தெரிந்துதான் அவர் அந்த வேலைக்கு என்னையே வைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கட்டடத்தைப் பார்க்க வேனில் போனோம். பீடம் இங்கே, பாடகர்குழு அங்கே என்று எல்லோரும் அப்போதே கோயிலைக் கட்டி முடித்துவிட்டார்கள். நான் பின்சுவர்ப் பக்கமே போகவில்லை. யாரோ போர்வெல் மோட்டாரைப் போட்டார்கள். தண்ணீர் பளிச்சென்று கொட்டியது.

"தண்ணிக்கு பேஜாரே இல்ல பாரு!" என்று ஒருவர் கைதட்டினார்.

நான் திறந்து விட்ட ஆசிட்டெல்லாம் இறங்கியது அந்த மண்ணில்தான். பங்குத்தந்தை அந்தத் தண்ணீரையே ஒரு வாளியில் பிடித்து, மந்திரித்து, ஷெட் முழுக்கத் தெளித்தார். எங்கள் ஆட்கள் தீர்த்தத்தைத் தெளிப்பதோடு விடுகிறவர்கள் அல்ல. குடிப்பார்கள், காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ஒரு மூடி புகட்டுவார்கள். வாளியைச் சுற்றிப் பெண்கள் பாட்டிலோடு நின்றார்கள். என் மனைவியும் நின்றாள். மகள் பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பேரனுக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை. "யாரும் குடிக்காதீங்க" என்று இரண்டு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் போய் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை பாட்டிலின் அடியில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. பிள்ளை அழுகிறானென்று மனைவி மூடியைத் திறந்தாள். நான் பிடுங்கிச் சமையலறைத் தொட்டியில் கொட்டினேன்.

"தீர்த்தத்த போயி சிங்க்ல ஊத்தறியே, இன்னா ஆச்சு உனக்கு?"

"அந்தத் தண்ணி வாணாம்."

"ஏன் வாணாம்?"

"வாணாம்னா வாணாம்."

என் பேரனைக் காப்பாற்றிவிட்டேன். மற்ற வீடுகளில் இருந்த பாட்டில்களும் ஞாபகத்துக்கு வந்தன. ஆனாலும் எந்த வீட்டுக் கதவையும் தட்டவில்லை.

சனிக்கிழமை போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். குழி, வால்வு, தண்ணீர் எல்லாவற்றையும் பங்குத்தந்தையிடம் கொட்டிவிட்டேன். எங்களுக்கு நடுவில் இருந்த தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அவர், "இதை நீங்களே வெளியில சொல்லணும்" என்றார். "நீங்க பாத்துக்குங்க சாமி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அன்று வயிறாரச் சாப்பிட்டேன். இனி அவர் பாடு.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் அவர் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த கூட்டத்திலும் திறக்கவில்லை. கட்டடத்தை வாங்குவதை முடிவு செய்ய ஆயரே வரப்போகிறார் என்று மட்டும் அறிவித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது. சின்ன வயதில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முன்பே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அது தெரிந்துதான் அங்கே போய்ச் சொன்னேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

ஆயர் வந்த அன்று பங்குத்தந்தையைத் தனியாகப் பிடித்தேன்.

"சாமி, அன்னிக்கு நான் சொன்னது..."

"என்ன சொன்னீங்க? எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப சொல்றதுன்னா சொல்லுங்க" என்றார். அவர் கண்ணில் என்னைவிட அதிகப் பயம் இருந்தது. இத்தனை நாளும் நான் இறக்கி வைத்த சுமையை அந்த மனிதர் வாய் திறக்க முடியாமல் சுமந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது.

பங்கு மக்கள் எல்லோரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆயர் கடைசியாக, "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டபோது எழுந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர் திட்டினார். ஒரு பெண் அழுதுகொண்டே வெளியே ஓடினாள், வீட்டில் பாட்டில் இருந்திருக்க வேண்டும். என் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. ஆயர் எல்லோரையும் கையமர்த்தினார்.

"நமக்கு அந்த இடம் வேண்டாம், அது முடிஞ்சுபோச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பின்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"காலனி, ஆண்டவரே."

"அவங்க தண்ணிக்கு என்ன பண்றாங்க?"

சுவரை ஒட்டி ஒரு கைப்பம்பு உண்டு. ஷிப்ட் முடிந்து போகும்போது அங்கே பிள்ளைகள் குடத்தோடு நிற்பதை ஒன்பது வருடம் பார்த்திருக்கிறேன். கோயில் தண்ணீருக்காக இத்தனை நாள் நடுங்கியவனுக்கு அவர்களுடைய ஞாபகம் ஒரு தடவைகூட வரவில்லை.

"நாளைக்கு நாம ரெண்டு பேரும் போறோம். நீங்கதான் சொல்லணும்" என்றார் ஆயர்.

போனோம். நல்ல வெயில். முதல் வீட்டு வாசலில் நின்று, "உங்க பம்பு தண்ணி..." என்று ஆரம்பித்தேன். அந்த வீட்டுப் பெண், "மொதல்ல உள்ள வந்து குந்துங்க, வெயில்ல வந்துக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.