கணுக்காலில் ஊற்றிய அருவித் தண்ணீர்

அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். ஆனி மாதத்தில் என் கணவருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. இலஞ்சியிலிருந்து வில்வண்டியில் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் கண் உள்ளே போய்விட்டது. கையில் நரம்பே அகப்படவில்லை. டாக்டர் கணுக்காலில் சிறிதாகக் கீறி, ரத்தக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, அதன் வழியே சலைன் ஏற்றினார். நின்றுபோயிருந்த சிறுநீர் மூன்றாம் நாள் பிரிந்தது. மூத்திரம் போனதற்காக எவளாவது பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போடுவாளா? நான் போட்டேன்.

நர்ஸம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “ஏம்மா, இந்தக் கட்டுல கை வைக்கக் கூடாது. ஈரம் படக் கூடாது. குழாய் நேரா ரத்தத்துக்குள்ள போவுது. அழுக்கு பட்டா அதுவும் உள்ள போயிரும்.” தலையை ஆட்டினேன். கட்டைத் தொடும் முன் ஒவ்வொரு தடவையும் அவர் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பார்த்து, எனக்குள் கேலி வேறு.

வெளியே சாரல் ஆரம்பித்திருந்தது. இவர் ஒரு சீசனும் தவறாமல் அருவியில் குளிக்கிறவர். “ஏட்டி, அஞ்சருவில தண்ணி விழுதாம்லா. உடம்பெல்லாம் எரியுது. ஒரு தூக்குல கொண்டாந்து தொடச்சு விடுட்டி” என்றார். எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. மலையில் எத்தனையோ மூலிகையைத் தொட்டுக்கொண்டு வருகிற தண்ணீர். அதில் அழுக்கு என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் சிரிப்பார்கள்.

மறுநாள் பஸ்ஸேறிப் போய்ப் பித்தளைத் தூக்கில் கொண்டுவந்தேன். துணியை நனைத்து உடம்பைத் துடைத்தேன். காலில் தாராளமாகவே ஊற்றினேன். “இப்பத்தான் உசிரு வந்திருக்கு” என்று கண்ணை மூடிக்கொண்டார். நனைந்த கட்டைப் புடவைத் தலைப்பால் ஒற்றிவிட்டு, நர்ஸம்மா கண்ணில் படாமல் போர்வையால் மூடினேன்.

ஊற்றிய இரண்டாம் நாள் குளிர்க்காய்ச்சல். கட்டிலையே ஆட்டுகிற நடுக்கம். நர்ஸம்மா ஓடிவந்து காலைப் பார்த்தார். கட்டு அதற்குள் காய்ந்திருந்தது.

“கட்டு நனைஞ்சுதாம்மா?”

திட்டுவாரே என்று பயந்து, “இல்லையே” என்றேன்.

என் வார்த்தையை நம்பி, மலேரியாவாக இருக்குமோ என்று மருந்து கொடுத்தார்கள். குழாய் இன்னும் ஒரு நாள் உள்ளேயே இருந்தது. கட்டைப் பிரித்தபோது சீழ். குழாயை உருவிப் பென்சிலின் போட்டார்கள். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே என் கணவர் போய்விட்டார். ஒரு வசவுக்குப் பயந்து அவரைப் பறிகொடுத்தேன்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் என் மாமியார் சொல்லிச் சொல்லி அழுதாள். “எம் பிள்ள ஆசப்பட்டான்னு அருவித் தண்ணி கொண்டாந்து ஊத்துனாளே எம் மருமவ. அந்தக் கொறையில்லாமப் போனான்.” பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அத்தை அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தாள். சாரல் விழும்போதெல்லாம் இதையே சொல்லி என் தலையைத் தடவுவாள். நர்ஸம்மா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.